சோமர்செட்காரிக்கு ஒரு கோப்பை

மார்ஜரி ஆஷ்வர்த்துக்குத் தன் சொந்த ஊர்ப் பேச்சு சரியாக வரவில்லை என்று க்ளிஃபர்ட் நட்டால் மறுபடியும் ஒத்திகையை நிறுத்தினான். நாடகம் இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயரில் இருக்கிற பார்க்ளஃப் ஊரில் நடக்கிற கதை. நடிக்கிறவள் பார்க்ளஃப்பில் பிறந்து, பார்க்ளஃப்பில் தறி ஓட்டி, தறிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகு அதே ஊர்ச் செருப்பு ஆலையில் தையல் மெஷின் மிதிக்கிறவள். நிறுத்துகிற மகானுபாவனும் வெளியூர்க்காரன் இல்லை, அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகப் படித்தவன்.

"மார்ஜ், அந்த 'ர்' இன்னும் போகல. மதர், ஃபாதர், வொர்க்னு ஒவ்வொண்ணையும் உருட்டி உருட்டி விடறே. லங்காஷயர்க்காரங்க இப்படியா பேசுவாங்க?"

"ஏன் க்ளிஃபர்ட், நான் யாரு? சீனாக்காரியா?"

"டிவி பாக்குறே இல்ல? மில்லுல வேலை செய்யிறவ, பப்பு நடத்துறவ, ஒருத்தியாவது 'ர்' சொல்றாளா? 'மதா', 'வொக்'. அதுதான் லங்காஷயர். நீ பேசறது டெவன் பக்கத்து மாட்டுக்காரன் பேச்சு மாதிரி இருக்கு. நாடகப் போட்டிக்கு லண்டன்லேருந்து நடுவர் வர்றாரு, கேட்டா சிரிப்பாரு."

டிவியில் லங்காஷயர் பேசுகிறவர்கள் எல்லாம் மான்செஸ்டர்க்காரர்கள். மான்செஸ்டர் தன் ரகரத்தை எப்போதோ தொலைத்துவிட்டது. இருபது மைல் தள்ளி எங்கள் பள்ளத்தாக்கில் அது இன்னும் உயிரோடு இருப்பது டிவிக்காரனுக்குத் தெரியாது. க்ளிஃபர்டுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்கடன் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவன் வாயிலும் அது இருந்தது. உதவி மேலாளர் ஆவதற்குள் வார்த்தைக்கு வார்த்தை உதிர்த்துவிட்டான். இப்போது அவன் தன் ஊர்ப் பெயரையே 'பாக்ளஃப்' என்றுதான் சொல்வான்.

மார்ஜரியால் வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்டிருக்க முடியும். கேட்கவில்லை. காரணம், மேடைக்குக் கீழே முதல் நாற்காலியில் மிஸஸ் வேவெல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் மனைவி, லண்டனை ஒட்டிய சரே பக்கத்துக்காரி. எலன் என்கிற தாயின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, மார்ஜரி பேசும்போதெல்லாம் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு சால்வையைப் போட்டு இடுப்பில் கையை வைத்துவிட்டால் மில் தொழிலாளி ஆகிவிடலாம் என்பது அவளுடைய நடிப்புக் கலை.

இந்த நாடகக் குழுவில் மார்ஜரிக்கு இருபது வருஷம். இருபது வருஷமும் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி, மிச்ச நேரத்தில் எல்லோருக்கும் டீ. கதாநாயகி வேஷம் கட்டுகிறவள் கணவனோடு பிளாக்பூலுக்குக் குடிபோனதால்தான் 'மில் சங்கு' நாடகத்தில் எலன் இவளுக்கு வந்தாள். ஆலை கதவடைப்பில் மகனைப் பறிகொடுக்கிற தாய். வசனத்தை முதல் தடவை படித்தபோதே மார்ஜரிக்குத் தெரிந்துவிட்டது, இது தன்னுடைய வேஷம், இதை விட்டால் செத்தாலும் இன்னொன்று வராது என்று.

"வர்ற வியாழக்கிழமைக்குள்ள அந்த 'ர்' போகணும்" என்றான் க்ளிஃபர்ட். "இல்லேன்னா மிஸஸ் வேவெல் பண்ணட்டும். எனக்கு வேற வழி இல்ல."

"நான் உதவி பண்ணத் தயார், மார்ஜரி" என்றாள் மிஸஸ் வேவெல். "எனக்கு அந்த எழுத்துத் தொந்தரவே கிடையாது பாருங்க."

தொந்தரவாம். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதும் அந்த ரகரத்தை வாய் நிறையச் சொன்னது. அரண்மனையிலும் சொன்னார்கள், சாணி அள்ளுகிறவனும் சொன்னான். இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன் நாக்குக்குச் சோம்பல் தட்டியது. உயிரெழுத்துக்குப் பின்னால் வரும் ரகரத்தை விழுங்க ஆரம்பித்தார்கள். இது தெருப் பொறுக்கிப் பேச்சு என்று படித்தவர்கள் முதலில் காறித் துப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விழுங்கினார்கள். அதற்கப்புறம் விழுங்காதவன் பட்டிக்காட்டான் ஆகிவிட்டான். 'கப்' என்ற சொல்லும் அப்படித்தான். வடக்கே நாங்கள் அதைக் 'குப்' என்போம், ஆதியில் தெற்கேயும் எல்லோருக்கும் அது குப்தான். தெற்கத்திக்காரன் வாயைத் திறந்து அதை மாற்றிக்கொண்டான், மாற்றிக்கொண்ட கையோடு மாற்றாதவனைப் பார்த்துச் சிரித்தான். பாட்டன் சொத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறவன் திருடன், விற்றுத் தின்றவன் கனவான். ரகரம் தப்பிப் பிழைத்தது தென்மேற்கு மூலையில் டெவன், சோமர்செட் பக்கமும், இங்கே எங்கள் மலைச்சந்து ஊர்களிலும், இன்னும் ஓரிரண்டு இடங்களிலும்தான். எங்களுக்கும் சோமர்செட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இரண்டு பேரும் செய்த ஒரே காரியம், லண்டன்காரன் பின்னால் ஓடாமல் இருந்தது.

இதெல்லாம் மார்ஜரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேஷம் போய்விடுமே என்கிற பயத்துக்கு அது மருந்தில்லை. வீட்டுக்கு வந்தவள் அடுப்பைப் பார்த்து, பூனையைப் பார்த்து, கெட்டிலைப் பார்த்து ரகரம் இல்லாமல் பேசினாள். போகிற போக்கில் போகக் கூடாத ரகரமும் போய்விட்டது. சாப்பிட வரச்சொல்லிக் கணவனைக் கூப்பிட்டபோது 'ஹாவல்ட்' என்று வந்தது.

"அடிப்பாவி, எம் பேருக்குள்ள இருக்கறதையும் உருவிட்டியா?" என்றான் ஹாரல்ட். "நான் நடிக்கவே இல்லையே, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"பேசாமத் தின்னு."

"மிஸஸ் வேவெலையே பண்ணச் சொல்லிட்டு நீ நிம்மதியா டீயப் போடு. ஊர் உலகத்துல நடுவர் சொன்னாத்தான் நீ லங்காஷயர்க்காரியா?"

சொல்லிவிட்டு அவன் சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாயை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். வாய்க்குள்ளே இவ்வளவு வீரம் வைத்திருந்த மனுஷன் வேண்டிய நேரத்தில் அதை எங்கே ஒளித்து வைத்தான் என்பது பின்னால் தெரியும்.

கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா ஈனக் ஹோல்ட் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தறிக்கூடத்தில் கிடந்து காது செத்துப்போன மனிதர். முந்நூறு தறி ஒன்றாக ஓடுகிற கூடத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் சத்தமே போடாமல், உதட்டையும் முகத்தையும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு மீமா என்று பெயர். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருத்தியின் கல்யாண ரகசியம் மீமாவிலேயே போய்ச் சேர்ந்துவிடும். மார்ஜரியும் பதினாலு வயதில் தறிக்குப் போனவள்தான். வீட்டில் அப்பாவோடு பேசுவது முழுக்க அப்படித்தான்.

"என்ன புள்ள, வாயக் கோணிக்கிட்டுப் பேசுறே?" என்றார் ஈனக், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "ஒரு எழவும் படிக்க முடியல. பல்லு வலியா?"

நாடகத்துக்காகப்பா என்று மார்ஜரி உதட்டால் சொன்னாள்.

"நாடகத்துல உன்னை வேற யாரோவா பண்ணச் சொல்றானா?"

இல்லை, என்னையே பண்ணச் சொல்கிறான், அதுதான் வரமாட்டேன் என்கிறது என்றாள். கிழவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகையில் அவள் ஒரு ரகரம்கூடச் சிந்தவில்லை. க்ளிஃபர்ட் கை தட்டினான். மிஸஸ் வேவெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேஷம் தங்கியது.

போட்டி நாள் மாலை, மெக்கானிக்ஸ் மன்றத்தின் அரங்கம் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்க் குழுக்கள் இரண்டு, கடைசியாகப் பார்க்ளஃப். இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் அரங்கத்தின் நடுவே, நிழல்மூடி போட்ட சின்ன விளக்கோடு தனி மேஜையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். மூன்று நாடகமும் முடிந்ததும் மேடையேறி எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவர் நடிப்பையும் பிட்டுப் பிட்டு வைப்பார். அவர் என்ன சொன்னாலும் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. அந்த வருஷத்து நடுவர் மிஸ்டர் ஆப்ரி டென்ஹாம். வெல்வெட் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி. தனக்கு நாடக உலகத்திலேயே பேர்போன காது என்று ரயிலடியில் அழைத்துவரப் போனவனிடமே சொல்லிவிட்டாராம்.

மார்ஜரி நன்றாகத்தான் தொடங்கினாள். ரொட்டி வெட்டினாள், கணவனைத் திட்டினாள், ரகரத்தைப் பல்லுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள். பாதி மனசு எலனிடமும் பாதி மனசு நாக்கிடமும் இருந்தது. பிறகு மகனைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வருகிற காட்சி வந்தது. அவள் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாள். அதோடு க்ளிஃபர்ட், நடுவர், டிவி எல்லாம் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த அழுகையில் அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் பேசிய பேச்சு அத்தனை ரகரத்தோடும் வெளியே வந்தது. அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டைக்குள் விசும்புவது மேடைவரை கேட்டது. திரை விழுந்தது. நன்றாகச் செய்துவிட்டோம் என்று மார்ஜரிக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை யாரும் சொல்லாமலே தெரிந்தது.

வேஷத்தைக் கலைக்காமல், சால்வையோடு வந்து மற்றவர்களோடு அரங்கத்தின் ஓரத்தில் நின்றாள். மிஸ்டர் டென்ஹாம் மேடையேறினார். முதல் இரண்டு குழுக்களையும் தோலுரித்துவிட்டுப் பார்க்ளஃப்புக்கு வந்தார்.

"அருமையான நாடகம், அழகான மேடை. எலனா நடிச்ச அம்மையார், என்ன சொல்றது, உணர்ச்சிப் பிழம்பு. ஆனா ஒரு உறுத்தல். முக்கால்வாசி நாடகம் வரைக்கும் நம்ம முன்னால ஒரு லங்காஷயர்த் தாய் நிக்கிறா. மகன் செத்ததும் திடீர்னு டெவன்ஷயர்லேருந்து ஒரு விவசாயி உள்ள வந்துட்டாரு! ஆப்பிள் மது வாசனை எனக்கு இங்க வரைக்கும் அடிச்சுது."

அரங்கம் சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் யார்? செருப்பு ஆலையில் அவளுக்குப் பக்கத்து மெஷின்காரி, கசாப்புக் கடைக்காரன், பாதிரியாரின் மனைவி, தேவாலயத்தில் கூடப் பாடுகிறவர்கள். இடைவேளையில் அவர்களில் ஒவ்வொருவரும் 'பார்ல பியர் இருக்கா' என்று வாய் நிறைய ரகரத்தோடு கேட்டவர்தான். தங்கள் வாயைத் தாங்களே கேட்காத ஜனங்கள். மார்ஜரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்போது க்ளிஃபர்ட் எழுந்து நின்றான். எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற வழக்கத்தையும் மீறி எழுந்துவிட்டானே, கடைசியில் பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று மார்ஜரி நிமிர்ந்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். ஒரு சின்ன விளக்கம். மிஸஸ் ஆஷ்வர்த் பிறந்தது சோமர்செட்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்க வந்தவங்க. எங்க பேச்சைக் கத்துக்க ரொம்பப் பாடுபட்டாங்க. அந்த ஒரு இடத்துல பழசு எட்டிப் பாத்துருச்சு."

டென்ஹாமின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "சோமர்செட்! நான் டெவன்னு சொன்னேன், பக்கத்து வீடுதான். பாத்தீங்களா, இந்தக் காது ஏமாறாது. அப்படின்னா விஷயமே வேற. வேத்து ஊர்க்காரி ஒருத்தி இவ்வளவு தூரம் லங்காஷயரைப் பிடிச்சிருக்கான்னா அது சாதாரண காரியமா?"

மார்ஜரி ஹாரல்டைப் பார்த்தாள். ஹாரல்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். மெஷின்காரி திரையைப் பார்த்தாள். அரங்கத்தில் அவளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பார்த்தவர்கள் பாதிப் பேர். ஒரு வாய் திறக்கவில்லை. கோப்பை பார்க்ளஃப்புக்கு வருகிற நேரத்தில் ஒருத்தி சோமர்செட்டில் பிறந்துவிட்டுப் போகட்டுமே, என்ன குடி முழுகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது.

கோப்பை வந்தது. குழுவுக்கு ஒன்று, அடுத்த சுற்றுக்கு பிரெஸ்டனுக்குப் போகிற தகுதி. பிறகு சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கோப்பை. "வெளியூரிலிருந்து வந்து எங்க பேச்சை ஏறக்குறைய முழுசாக் கைப்பற்றின மிஸஸ் ஆஷ்வர்த்துக்கு!" என்றார் லண்டன்காரர். எங்க பேச்சாம். இருபது வருஷமாகப் பிறர் கையில் பார்த்து ஏங்கிய கோப்பை அது. தன்னைத்தானே கிட்டத்தட்டச் சரியாக நடித்துக் காட்டியதற்காக அது அவள் கைக்கு வந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க, அம்மா" என்றார் டென்ஹாம். "இப்ப நடிக்க வேண்டாம். உங்க சொந்தக் குரல்ல."

கீழே க்ளிஃபர்ட் கண்ணாலேயே கெஞ்சினான். மார்ஜரி தொண்டையைச் செருமினாள்.

"நான் பார்க்ளஃப்காரி" என்றாள், முழு ரகரத்தோடு. "வாட்டர் ஸ்ட்ரீட்ல பொறந்தவ. எங்கப்பா அதோ உக்காந்துருக்காரு."

"ஆஹா!" என்று டென்ஹாம் கண்ணை மூடினார். "கேட்டீங்களா அந்த 'ர்'? சுத்தமான சோமர்செட்! வாழ வந்த ஊரைச் சொந்த ஊர்ங்கறாங்க. கணவரோட அப்பாவை அப்பாங்கறாங்க. என்ன மனசு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்க்கே சாட்சியாகப் போகிறது என்று மார்ஜரிக்கு அப்போது புரிந்தது. இந்தக் காதுகளுக்கு முன்னால் இனிக் குரல் எதற்கு? அவள் குரலை நிறுத்தினாள். கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தறிக்கூடத்து மூலையில் நிற்கிறவளைப் போல நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தாள்.

இந்த ஐயாவுக்குக் காதைக் கண்ணாடி மாட்டுறதுக்காக மட்டுந்தான் கடவுள் குடுத்துருக்காரு, என்றன அவள் உதடுகள்.

அரங்கத்தில் நாற்பது வயது தாண்டிய பெண்கள் முக்கால்வாசி பழைய தறிக்காரிகள். முதல் வரியிலேயே குபீரென்று சிரித்தார்கள். டென்ஹாமும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

க்ளிஃபர்ட், உங்கம்மா பக்கத்துத் தறியில நின்னுதான் எனக்கு வேலை கத்துக்குடுத்தா. அவ உசுரோட இருந்தா இந்நேரம் உன் காது அவ கையில இருக்கும்.

க்ளிஃபர்டின் முகம் சிவந்தது. தாய்மொழியை மறந்தவனுக்கு மீமா மட்டும் மறக்கவில்லை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீங்க என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? நான் யார் மகள்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேர்ல ஒரு வாய் திறக்கல. எந்த 'ர்'ரைக் கேட்டுச் சிரிச்சீங்களோ அதேதான் உங்க வாயிலயும் இருக்கு. வீட்டுக்குப் போய் உங்க வாய நீங்களே ஒரு தடவை கேளுங்க. வெக்கமா இருந்தா நல்லது.

சிரிப்பு நின்றுவிட்டது. பாதிரியாரின் மனைவிக்கு மீமா தெரியாது, பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள், அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று டென்ஹாம் குனிந்து க்ளிஃபர்டைக் கேட்டார்.

க்ளிஃபர்ட் மொழிபெயர்த்தான். "நன்றி சொல்றாங்க, ஐயா. உணர்ச்சிவசப்பட்டுக் குரல் வரல."

மூன்றாவது வரிசையில் ஈனக் ஹோல்ட் தடியை ஊன்றி எழுந்தார். "சரியாச் சொன்னே, புள்ள!" என்று அவர் போட்ட சத்தத்தில் ரகரம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "நான் பெத்த மகடி நீ! ஒரு வார்த்தை விடாமச் சொன்னே!"

டென்ஹாம் பரவசமாகிவிட்டார். "அடடே, அந்தப் பெரியவரும் சோமர்செட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

மார்ஜரி படியிறங்கினாள். கோப்பையை வைத்துவிட்டுப் போக அவளுக்கென்ன பைத்தியமா? அரங்கத்தை அழ வைத்தது அவள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையிலிருந்த சால்வையை அவிழ்த்து மிஸஸ் வேவெலின் மடியில் போட்டாள்.

"பிரெஸ்டனுக்கு நீங்க போங்க" என்றாள் வாய்விட்டு. "உங்களை எந்த ஊருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"மார்ஜ், ஏய், இரு" என்று ஹாரல்ட் பின்னாலேயே வந்தான். "இன்னும் சாப்பாடு குடுக்கவே இல்லையே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போலாமா என்று உதட்டால் கேட்டாள். கிழவர் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்பத்தான் வாய் நேரா இருக்கு" என்றார், அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி.